திரையின் பச்சையும் தாளின் பச்சையும்

கம்போங் ராஜாவில் நாம் எடுக்கும் தேயிலை மலையின் படம் கணினித் திரையில் ஒளிர்கிறது; தாளில் அச்சிட்டால் மங்குகிறது. ஏன்?

திரை சிவப்பு, பச்சை, நீல ஒளிகளைக் கூட்டி நிறம் காட்டுகிறது. அச்சுப்பொறியோ மையினால் தாளின் ஒளியைக் குறைத்தே காட்டுகிறது. திரையின் பச்சை முழுவதையும் மை தர இயலாது.

ஆதலின் போட்டோஷாப் மென்பொருளில் படம் திருத்துமுன் நாம் செய்ய வேண்டுவன மூன்று. முதலில் திரையின் மிகுவெளிச்சத்தைக் குறைத்தல். அடுத்து, நிற அமைப்பில் 1996இல் எச்பி, மைக்ரோசாப்ட் நிறுவனங்கள் வகுத்த 'எஸ்ஆர்ஜிபி' முறையைத் தெரிதல். இறுதியாக, அச்சிடுகையில் அச்சுப்பொறிக்கும் தாளுக்கும் உரிய 'புரொஃபைல்' கோப்பைத் தெரிதல். அப்போது அச்சுப்பொறியின் நிறத்திருத்தத்தை நிறுத்திவிட வேண்டும். இருமுறை திருத்தினால் நிறம் பிழைபடும்.

கொழுந்து பறிக்கும் நம் அன்னையரின் முகம், வெளுப்பேற்றாத உண்மை நிறத்திலேயே நம் பேரப்பிள்ளைகளைச் சேர வேண்டுமன்றோ?