உப்பு முந்தி, வெயில் பிந்தி

வீட்டில் கருவாடு போட நினைப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது நாள்காட்டியை. வட சென்னையில் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரையிலான கடலோரத்தில் இதற்குத் தோதான காலம் மாசியும் பங்குனியும். மழை பயம் இல்லை, வெயில் ஏறிக்கொண்டே போகும், காசிமேட்டுத் துறைமுகத்து விசைப்படகுகளும் தொழிலுக்குப் போய்க்கொண்டிருக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அப்போதும் ஃபைபர் படகுகளில் நெத்திலியும் கவலையும் வரும். விலைதான் ஏறி நிற்கும். ஆடி, ஆவணியில் பகல் வெயில் நன்றாக இருந்தாலும் சாயங்காலம் இடிமழை பிடித்துக்கொள்ளும். மூன்று மணிக்கெல்லாம் எடுத்து உள்ளே வைக்க வீட்டில் ஆள் இருந்தால் போடலாம். ஐப்பசி, கார்த்திகையில் வேண்டவே வேண்டாம்.

பச்சை மீனின் எடையில் ஏறக்குறைய முக்கால் பங்கு தண்ணீர். மீனை அழுக வைக்கும் கிருமிகள் அந்தத் தண்ணீரில்தான் வாழ்கின்றன. ஈரம் 25 சதவீதத்துக்குக் கீழே போனால் அவை அடங்கிவிடும்; 15 சதவீதத்துக்குக் கீழே போனால் பூஞ்சையும் பிடிக்காது. ராஜஸ்தானத்து வறண்ட காற்றில் இதை வெயில் மட்டுமே செய்து கொடுத்துவிடும். நம் கடலோரத்துக் காற்றிலோ எப்போதும் ஈரம். தடித்த மீனை உப்பில்லாமல் மாடியில் பரப்பினால் மேலே காய்வதற்குள் உள்ளே அழுகிவிடும். அதனால் இங்கே பாதுகாப்பைத் தருவது உப்பு, அதை முடித்து வைப்பது வெயில். வீட்டில் செய்கிறவர்கள் பெரும்பாலும் உப்பில் கஞ்சத்தனம் காட்டிவிட்டு வெயிலை நம்புகிறார்கள். கருவாடு கெடுவது அங்கேதான்.

இதற்கு ஒரு சரித்திரமும் உண்டு. வெள்ளைக்காரன் ஆட்சியில் உப்புக்கு வரி ஏறியபோது மதராஸ் மாகாணக் கடற்கரைகளில் மீனவர்களால் போதுமான உப்பு வாங்க முடியவில்லை. உவர் மண்ணைத் தேய்த்தும் அரைகுறையாக உப்பிட்டும் கருவாடு போட்டார்கள். சரக்கும் கெட்டது, சாப்பிட்டவர் உடம்பும் கெட்டது. இந்திய மீன்வளத்தை ஆராய்ந்து 1873இல் அறிக்கை தந்த பிரான்சிஸ் டே இந்த நிலைமையை எடுத்துக்காட்டினார். பிறகு கரையோர ஊர்களில் அரசாங்கக் கருவாட்டு முற்றங்கள் வந்தன. அங்கே கொண்டுவரும் மீனுக்கு வரியில்லாத உப்பு கிடைத்தது. இன்று கல்லுப்பு மலிவாகவே கிடைக்கிறது. தாராளமாகப் போடுங்கள்.

மீன் வாங்குவது

விடியற்காலையில் காசிமேட்டுக்குப் போங்கள். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம்; கூட்டமும் அதிகம், விலையும் அதிகம். "விலை போகாத மீன்தானே கருவாட்டுக்கு" என்ற நினைப்பை வாசலிலேயே விட்டுவிட வேண்டும். குழம்புக்கு என்ன மீன் பொறுக்குவீர்களோ அதே மீனைத்தான் இதற்கும் பொறுக்க வேண்டும். செவுள் சிவப்பாக, கண் துருத்தி, வயிறு உடையாமல் இருக்க வேண்டும். முதன்முறை செய்கிறவர்களுக்கு நெத்திலி நல்லது. அடுத்து வாளை, பன்னா, சீலா. வஞ்சரம் கை பழகிய பிறகு.

கவலை, மத்தி, கானாங்கெளுத்தி ஆகியவற்றில் இரண்டு சங்கடங்கள். எண்ணெய் அதிகம் என்பதால் கருவாடு சீக்கிரம் மஞ்சளித்துக் காறல் அடிக்கும். இன்னொன்று ஆபத்தானது. இந்த மீன்கள் வெப்பத்தில் கிடந்தால் சதையில் ஹிஸ்டமின் சேர்ந்துவிடும். அதைச் சாப்பிட்டால் சிறிது நேரத்தில் முகம் சிவந்து, தலை வலித்து, நெஞ்சு படபடக்கும். உப்பிலும் அது போகாது, கொதிக்க வைத்தாலும் போகாது. வாங்கும் இடத்திலிருந்து உப்பில் போடும் வரை ஐஸை விட்டு எடுக்காமல் இருப்பது ஒன்றே வழி. கையில் ஐஸ் பெட்டி இல்லாவிட்டால் அன்றைக்கு இந்த மீன்களை வாங்காதீர்கள்.

கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்து மீனைக் கருவாட்டுக்கு எடுக்க வேண்டாம் என்றுதான் சொல்வேன். அங்கே வலை போடும் குப்பத்து மக்கள்மேல் இதில் ஒரு குற்றமும் இல்லை. ஆற்றைப் பாழாக்கியது அவர்கள் அல்ல. அனல்மின் நிலையச் சாம்பல் பல ஆண்டுகளாக அந்தக் கழியில் சேர்ந்திருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் வந்து படர்ந்தது. காய வைத்தால் தண்ணீர்தான் வெளியேறுமே தவிர, உலோகமும் எண்ணெயும் மீனிலேயே தங்கும். 1 கிலோ மீன் கால் கிலோவாகச் சுண்டும்போது, அதிலிருக்கும் நஞ்சு எடைக்கு எடை நாலு மடங்காகிறது.

நெத்திலிக்கு

தலையைக் கிள்ளினால் குடலும் சேர்ந்து வந்துவிடும். பொடி நெத்திலியை அப்படியே போடுகிறவர்கள் உண்டு. நான் கிள்ளச் சொல்வேன், கசப்பு இருக்காது. நன்றாக அலசுங்கள். 1 லிட்டர் தண்ணீருக்கு 150 கிராம் கல்லுப்பு கரைத்து, வடிகட்டி, அதில் அரை மணி நேரம் ஊறப் போடுங்கள். வடிகூடையில் போட்டு நீர் சொட்டுவது நிற்கும் வரை விட்டு, ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்பினால் நல்ல வெயிலில் இரண்டு நாளில் காய்ந்துவிடும். சென்னாக்குன்னி எனும் பொடி இறாலுக்கு ஒரு நாள் போதும். மணலை மட்டும் பொறுமையாகப் புடைத்து எடுக்க வேண்டும்.

தடித்த மீனுக்கு

ஐந்து அங்குலத்துக்கு மேற்பட்ட எந்த மீனையும் குடலோடு உப்பில் போடக் கூடாது. துறைமுகத்தில் மீன் வெட்டித் தரும் அக்காவிடம் "கருவாட்டுக்குக்கா, முதுகுல கீறிக் குடுங்க" என்று சொன்னால் போதும், முதுகுப் பக்கம் பிளந்து புத்தகம் போல் விரித்துக் கொடுத்துவிடுவார். வீட்டுக்கு வந்ததும் முள்ளை ஒட்டிய கறுத்த ரத்தத்தைப் பழைய பிரஷ்ஷால் தேய்த்து எடுங்கள். கெட்ட வாடை பெரும்பாலும் அந்த ரத்தத்திலிருந்தும் செவுளிலிருந்தும்தான் கிளம்பும். சதை தடித்த இடங்களில் தோல் வரை போகாமல் கீறல் போடுங்கள், உப்பு இறங்கட்டும்.

ஆய்ந்த மீன் 1 கிலோவுக்கு 300 கிராம் கல்லுப்பு. உப்பை முதலில் வெறும் கடாயில் வறுத்து ஆற வைத்துக்கொள்ளுங்கள். உப்பளத்து உப்பில் உப்பையே விரும்பி வாழும் ஒரு கிருமி இருக்கும். கருவாட்டின்மேல் இளஞ்சிவப்பாகப் படர்வது அதுதான். வறுத்தால் அந்தத் தொல்லை பெரும்பாலும் ஒழியும். பீங்கான் ஜாடியோ உணவுக்கான பிளாஸ்டிக் டப்பாவோ எடுங்கள், அலுமினியம் கூடாது. அடியில் உப்பு, அதன்மேல் தோல் கீழாகச் சதை மேலாக மீன், மறுபடி உப்பு என்று அடுக்கி வாருங்கள். கடைசி அடுக்கில் மட்டும் தோல் மேலே இருக்கட்டும். மேலே ஒரு தட்டு வைத்துக் கனமாகப் பாரம் ஏற்றுங்கள்.

சில மணி நேரத்தில் மீனே தண்ணீர் விடும். அந்த உப்பு நீருக்குள் மீன் முழுவதும் மூழ்கிக் கிடக்க வேண்டும். நீர் போதவில்லை என்றால் 1 லிட்டருக்கு 350 கிராம் உப்பு கரைத்து ஊற்றுங்கள். மெல்லிய வாளைக்கு ஒரு நாள், தடித்த பன்னாவுக்கும் சீலாவுக்கும் இரண்டு நாள். சித்திரை வெக்கையில் ஜாடியை ஃபிரிட்ஜில் வைப்பது உத்தமம். எடுக்கும்போது சதை விறைத்து, அமுக்கினால் குழி விழாமல் இருந்தால் உப்பு பிடித்துவிட்டது. அந்த உப்பு நீரிலேயே ஒருமுறை அலசி, ஒட்டிய கல்லை உதறி, ஒரு மணி நேரம் சாய்த்து வைத்து வடிய விடுங்கள்.

காய வைப்பது

தரையில் போடாதீர்கள். மணலிலும் தார் ரோட்டிலும் பரப்பிய கருவாட்டில் மண்ணும் எச்சமும் ஒட்டும். அடிப்பக்கம் காற்றும் படாது. மொட்டை மாடியில் இரண்டு வரிசை செங்கல் அடுக்கி, மேலே மூங்கிலோ பழைய கதவுச் சட்டமோ போட்டு, நைலான் வலையை இழுத்துக் கட்டினால் பரண் தயார். இரண்டு பக்கமும் காற்று பட்டால் காயும் நேரம் நன்றாகக் குறையும். வாளையை வாலில் கட்டிக் கயிற்றில் தொங்கவிடலாம்.

காலை ஏழு மணிக்கே பரப்பிவிடுங்கள். கோடை ஏறிய பிறகு காலையில் மேற்கிலிருந்து வரும் நிலக்காற்று வறண்டது. நண்பகலை ஒட்டிக் கடற்காற்று ஏறியதும் ஈரம் கூடிவிடும். தடித்த மீனை முதல் நாள் உச்சி வெயிலில் விடாதீர்கள். மேல்தோல் சட்டென்று இறுகினால் உள்ளிருக்கும் ஈரத்துக்கு வெளியே வர வழி இல்லை. பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை ஒரு துணிப் பந்தல் நிழல் போதும். இரண்டு மணிக்கொரு முறை புரட்டுங்கள்.

பொழுது சாய்வதற்குள் உள்ளே எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பலகை வைத்துப் பாரம் ஏற்றுங்கள். இரவில் உள்ளீரம் மெல்ல வெளிப்பக்கம் நகர்ந்து வரும். மறுநாள் வெயில் அதை வாங்கிக்கொள்ளும். இப்படி மூன்றிலிருந்து ஐந்து நாள். பலர் இந்த இரவு வேலையை விட்டுவிடுகிறார்கள்; கடைக் கருவாட்டுக்கும் நல்ல வீட்டுக் கருவாட்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதி இதில் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கம் இருப்பவர்களுக்குச் சாம்பல் இன்னொரு கவலை. கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் புழுதி வேறு. அவர்கள் வலையை நம்பாமல் கூடாரம் போடுவது நல்லது. 1970களில் வங்காளதேசத்தில் மீன் உலர்த்த வடிவமைத்த மலிவான முறை இது. மூங்கில் சட்டத்தின்மேல் கண்ணாடி போன்ற பாலித்தீன் தாள், தரையில் கறுப்புத் தாள், நடுவில் பரண். காற்று நுழையக் கீழே ஒரு திறப்பு, வெளியேற மேலே ஒரு திறப்பு, இரண்டிலும் கொசுவலை. ஈ, காக்கை, பூனை, தூசி எதுவும் அண்டாது. உள்ளே ஒரு வெப்பமானி தொங்கவிடுங்கள். 50 டிகிரியைத் தாண்டினால் மீன் வெந்துவிடும். மேல் திறப்பை அகலமாக்க வேண்டியதுதான். ஈயை விரட்ட எந்த மருந்தையும் தெளிக்காதீர்கள். அது நேராகக் குழம்புக்குத்தான் போகும்.

காய்ந்ததா என்று பார்ப்பதற்குத் தராசு நல்ல சாட்சி. 1 கிலோ நெத்திலி 300 கிராமுக்குள் வந்து, ஒடித்தால் சடக்கென்று முறிய வேண்டும். உப்பிட்ட மீன் முறியாது. வளைத்தால் விறைப்பாக நிற்கும், விரலால் அழுத்தினால் ஈரம் ஒட்டாது. காலையில் ஒரு துண்டை நிறுத்து, நாள் முழுக்க வெயில் பட்ட பிறகு மறுபடி நிறுத்துங்கள். எடை இறங்கவில்லை என்றால் முடிந்தது.

வைத்திருப்பது

சூட்டோடு டப்பாவில் போட்டால் மூடியில் வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும். நிழலில் நன்றாக ஆற விட்டு, ஈரமில்லாத கண்ணாடி ஜாடியில் இறுக்கி மூடுங்கள். அதற்கு முன் நான்கு நாள் ஃபிரீசரில் வைத்து எடுத்தால் கருவாட்டு வண்டின் முட்டைகள் செத்துவிடும். ஐப்பசிக்குள் மீதியை ஃபிரிட்ஜுக்கு மாற்றிவிடுங்கள். இளஞ்சிவப்போ பச்சைப் பூஞ்சையோ படர்ந்ததைத் துடைத்துச் சாப்பிட வேண்டாம், தூக்கிப் போடுங்கள்.

வெளிநாட்டில் செய்வதுபோல் மீனைப் புட்டியில் அடைத்துக் கொதிக்க வைத்து அலமாரியில் வைக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம். காற்றில்லாத புட்டிக்குள் போட்டுலினம் என்ற கிருமியின் வித்துகள் 100 டிகிரியில் கொதித்தாலும் சாகாது. பிறகு முளைத்து உயிரைக் கொல்லும் நஞ்சை உண்டாக்கும். வாடையோ நிறமோ காட்டிக்கொடுக்காது. மீன், கறி, பீன்ஸ், காளான் எல்லாவற்றுக்கும் 121 டிகிரி வேண்டும். அதற்கென்று அளவுமானி வைத்துச் செய்த அழுத்தக் கலன் வேண்டும். எந்தப் புட்டிக்கு எத்தனை நிமிடம் என்று சோதித்த கணக்கும் வேண்டும். சோறு வடிக்கும் குக்கர் இதற்கு ஆகாது. புளிப்பு மிகுந்த மாங்காய், எலுமிச்சை ஊறுகாயை வீட்டில் தைரியமாகப் புட்டியில் வைக்கலாம். இறால் ஊறுகாயை வினிகர் சேர்த்தே செய்தாலும் ஃபிரிட்ஜில்தான் வைக்க வேண்டும். விற்பனைக்கென்று செய்ய நினைப்பவர்கள் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ளுங்கள். முறையாகப் படிக்க விரும்பினால் பொன்னேரியில் மீன்வளக் கல்லூரி இருக்கிறது. அங்கே போய்க் கேட்கலாம்.

சமைப்பதற்கு முன் உப்புக் கருவாட்டை வெந்நீரில் பத்து நிமிடம் ஊற வைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, இரண்டு முறை அலசுங்கள். குழம்பு கொதித்துக் கருவாடு வெந்த பிறகு ருசி பார்த்து, வேண்டுமானால் மட்டும் உப்புச் சேருங்கள். வீட்டில் ரத்த அழுத்தக்காரர் இருந்தால் அவர் தட்டுக்குக் கத்தரிக்காயும் குழம்பும் போகட்டும், துண்டு ஒன்றோடு நிற்கட்டும்.