கல்லில் எழுதிய திணை

நிலத்திற்குரிய மரம், புள், விலங்கு முதலியவற்றைக் கருப்பொருள் எனத் தொகுத்துரைத்தது தொல்காப்பியம். கருப்பொருளைக் கொண்டு திணையை உணர்தல் இலக்கிய மாணவர்க்குப் பழகிய நெறியாகும். கண்டல் வரின் நெய்தல் என்போம். மண்ணியல் அறிஞர் செய்வதும் ஏறத்தாழ இதுவேயாம். அவர்க்குப் படிவுப்பாறையே ஏடு; அதனுள் புதைந்த உயிரெச்சமே கருப்பொருள். அத்திணையோ மாந்தர் தோன்றுமுன்பே மறைந்துபோனது.

இதற்குச் சான்று தேடி நாம் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. மந்தாரக்குப்பத்தை அடுத்த நெய்வேலிச் சுரங்கத்தின் விளிம்பில் நின்று நோக்கின், மேலே செம்மணலும் மணற்பாறையும் களிமண்ணும், அவற்றின்கீழ்க் கரும்பழுப்பு நிறப் படுகையும் தோன்றும். 1930களில் சம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் நீருக்குத் துளையிட்டபோது வெளிப்பட்ட கரும்பொருளே இப்பழுப்பு நிலக்கரி. 1956இல் நிறுவனம் அமைந்தது. 1957இல் சுரங்கப்பணி தொடங்கிற்று. 1961இல் நிலக்கரி வெளிப்பட்டது.

மரமும் இலையும் வெளியில் வீழின் மட்கி ஒழியும். தேங்கிய நீரில், காற்றுப் புகாச் சேற்றில் வீழ்ந்தவையே கரியாக எஞ்சும். எனவே இப்படுகை ஒரு சதுப்பைக் குறிக்கிறது. எத்தகைய சதுப்பு? இவ்வினாவிற்கு விடை தருவன மகரந்தத் துகள்கள். அவற்றின் புறவுறை எளிதில் அழிவதில்லை. 1960களில் இராமானுஜம் என்னும் தாவரவியலார் நெய்வேலிக் கரியிலிருந்து அவற்றைப் பிரித்து நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். பனையினமும் பெரணியும் அலையாத்தி மரங்களும் இங்கிருந்தன என்பதை இத்தகு ஆய்வுகள் உணர்த்தின. கடல் அணித்தே இருந்தது என்பது இதனாற் பெறப்படும். ஒப்புநோக்கப் பிச்சாவரம் உண்டு. தில்லை மரத்தால் பெயர் பெற்ற ஊரினை அடுத்தே அச்சதுப்பு இன்றும் இருப்பது நமக்கு வியப்பளிக்கிறது.

ஆயினும் எச்சத்தைக் கண்டவுடன் முடிவு கூறல் தகாது. திருவக்கரைக் கல்மரங்களை மாணவர்க்குக் காட்டியபோது, "இங்கே ஒரு காடு நின்றது" என்று கூறிவிட்டோம். அது பிழை. அம்மரங்கள் கிடையாகக் கிடக்கின்றன. வேர் இல்லை, கிளை இல்லை, பட்டையும் இல்லை. வெள்ளம் வேறிடத்திலிருந்து அடித்துக் கொணர்ந்து மணலில் புதைத்தவை அவை. மரத்தின் நுண்துளைகளில் மணிச்சத்து அன்று, மணற்சத்தாகிய சிலிக்கா புகுந்து கல்லாக்கிற்று. அத்துளைகளின் அமைப்பே மரத்தின் குடும்பத்தைக் காட்டிக்கொடுக்கிறது. காடு எங்கே நின்றது என்பதை மட்டும் அது காட்டுவதில்லை.

இன்றைய வெம்மையைக் கொண்டு அன்றைய தட்பவெப்பத்தை அளத்தலும் கூடாது. ஒடிசாவின் தால்ச்சேரில் மென்சேற்றுப் பாறையினிடையே கீறல் விழுந்த பெருங்கற்கள் கிடைத்தன. ஆற்று நீர் பெருங்கல்லையும் நுண்சேற்றையும் ஒருங்கே இடாது. பனிப்பாளமே அவற்றைச் சுமந்து வந்தது என 1856இல் பிளான்ஃபோர்டு சகோதரரும் தியோபால்டும் எழுதினர். தொல்லுயிர் ஊழியின் இறுதியில், ஏறத்தாழ 29 கோடி ஆண்டுகட்கு முன், அந்நிலம் பனியால் மூடப்பட்டிருந்தது.

நெய்வேலிக் கரியின் வயது பற்றியும் கருத்து வேற்றுமை உண்டு. மயோசீன் காலத்தது என்றே நெடுங்காலம் எழுதினர். மகரந்தச் சான்று கொண்டு அதனினும் மிகப் பழைய இயோசீன் காலத்தது என்பாரும் உளர். இவ்வழக்கைத் தீர்க்கவல்ல சான்று அப்படுகையிலேயே உள்ளது. அதுவோ நாள்தோறும் வெட்டப்பெற்று அனல்மின் நிலையத்தில் எரிகிறது. ஏட்டுச்சுவடியைக் கரையான் தின்றது கண்டு வருந்தும் தமிழ்த்துறையினர்க்கு இதன் இழப்பு விளங்காமற் போகாது. மின்னொளி வேண்டாவென்று நாம் கூறவில்லை. அவ்வொளியிலன்றோ இக்கட்டுரையை எழுதுகிறோம்! ஒவ்வொரு படுகையும் அகழப்படுமுன், இன்ன ஆழத்தில் எடுத்தது என்னும் குறிப்போடு சிறுசிறு துண்டுகளையேனும் கல்லூரிகள் பெற்றுக் காத்தல் வேண்டும். ஆழம் குறியாத துண்டு அடியும் முடியும் அறியாத பாட்டுக்கு ஒப்பாகும்.

நம் துறைப் பேழையில் அத்தகைய துண்டு ஒன்று உள்ளது. உலர்ந்தால் வெடித்து உதிரும் இயல்பினது ஆதலின், மாணவியர் அதனை ஈரத்துணியிற் பொதிந்து வைத்துள்ளனர். பெயர்ச்சீட்டில் ஊரை எழுதியிருக்கிறோம். ஆழத்தைக் கேட்டுக் குறிக்க அன்று நமக்குத் தோன்றவில்லை.