பெல்ட் டென்ஷனர்: எதை நாமே மாற்றலாம், எதை மெக்கானிக்கிடம் விட வேண்டும்?

காலையில் வண்டியை ஸ்டார்ட் செய்ததும் பானெட்டுக்குள் 'கீச்' என்று சத்தம். பக்கத்து வீட்டுக்காரர் ஒன்று சொல்வார், ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் வேறொன்று சொல்வார். அவற்றில் எது சரி என்று பார்ப்போம்.

நம்பிக்கை: கீச்சிட்டால் பெல்ட் போய்விட்டது, புதிது போட்டால் போதும்.

உண்மை: ஆல்டர்னேட்டர், ஏசி கம்ப்ரெஸர், பல வண்டிகளில் வாட்டர் பம்ப் ஆகியவற்றைச் சுழற்றுவது டிரைவ் பெல்ட். அதைத் தொய்யாமல் இழுத்துப் பிடிப்பது டென்ஷனர். அதன் ஸ்பிரிங் தளர்ந்தால் புது பெல்ட்டும் வழுக்கும். இன்ஜின் ஓடும்போது எட்ட நின்று பாருங்கள். டென்ஷனரின் கை மேலும் கீழும் துள்ளினால் அதைச் சந்தேகிக்கலாம். இன்ஜினை அணைத்து, பெல்ட்டைக் கழற்றி, டென்ஷனர் புல்லியை விரலால் சுழற்றுங்கள். கரகரத்தாலோ பக்கவாட்டில் ஆடினாலோ பேரிங் தேய்ந்திருக்கிறது.

நம்பிக்கை: பெல்ட்டில் விரிசல் இல்லை, ஆகவே நன்றாக இருக்கிறது.

உண்மை: பழைய ரப்பர் பெல்ட்டுகளுக்கு இது பொருந்தும். இன்றைய ஈபிடிஎம் ரப்பர் பெல்ட்டுகள் பெரும்பாலும் விரிசல் விடாமல் டயரைப் போலத் தேய்கின்றன. பள்ளங்கள் அகன்று ஆழமாகிவிட்டால் பெல்ட் வழுக்கத் தொடங்கும். சத்தத்தை அடக்க ஸ்ப்ரே அடிப்பதும் சோப்பு தேய்ப்பதும் கோளாறை மறைக்குமே தவிர, தீர்க்காது.

நம்பிக்கை: டென்ஷனர் என்றாலே மெக்கானிக் வேலைதான்.

உண்மை: கை நுழைய இடமுள்ள வண்டியில், ஸ்பேனர் பிடித்துப் பழகியவர் டிரைவ் பெல்ட் டென்ஷனரைத் தாராளமாக மாற்றலாம். இன்ஜின் ஆறட்டும், பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள், பெல்ட் எந்தப் புல்லியில் எப்படிச் சுற்றுகிறது என்று முதலில் போட்டோ எடுங்கள். சில வண்டிகளில் புல்லி போல்ட் இடது மரை. வழக்கமான திசையில் முறுக்கினால் இன்னும் இறுகும். மாட்டும்போது சர்வீஸ் மேனுவல் சொல்லும் அளவுக்கு டார்க் ரெஞ்ச் வைத்தே முடுக்குங்கள்.

நம்பிக்கை: இதைச் செய்தவர் டைமிங் பெல்ட் டென்ஷனரையும் செய்துவிடலாம்.

உண்மை: கூடாது. டைமிங் பெல்ட் கிராங்க் ஷாஃப்டையும் கேம் ஷாஃப்டையும் இணைப்பது. ஓரிரு பல் தவறி மாட்டினால்கூட, பல இன்ஜின்களில் வால்வும் பிஸ்டனும் மோதக்கூடும். பிறகு ஹெட்டையே இறக்க வேண்டிவரும். முன்அனுபவமும் லாக்கிங் டூலும் இல்லாதவர் இதை மெக்கானிக்கிடமே விட வேண்டும். டிரைவ் பெல்ட்டாக இருந்தாலும், இன்ஜின் மவுன்ட்டைக் கழற்றினால்தான் டென்ஷனரை எட்ட முடியும் என்றால் அங்கேயும் லேபர் சார்ஜ் கொடுப்பதுதான் லாபம். அப்போது கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

நம்பிக்கை: சத்தம்தானே, அடுத்த சர்வீஸில் பார்த்துக்கொள்ளலாம்.

உண்மை: ஓடும்போது பெல்ட் அறுந்தால் பேட்டரி விளக்கு எரியும். ஹைட்ராலிக் பவர் ஸ்டீயரிங் சட்டென்று கனக்கும். வாட்டர் பம்பும் அதே பெல்ட்டில் ஓடினால் கூலன்ட் சுழற்சி நின்று இன்ஜின் கொதிக்கும். அதற்கு மேலும் ஓட்டினால் ஹெட் கேஸ்கெட் போய்விடலாம். யார் மாற்றுவது என்பதை வண்டியின் அமைப்பையும் உங்கள் பழக்கத்தையும் பார்த்து முடிவு செய்யுங்கள். ஆனால் இந்த வாரமே மாற்றிவிடுங்கள்.