கல மென்சவ்வின் இலிப்பிட்டுகளும் தலை, கழுத்துப் புற்றுநோயும்

மாணவர்களே, பாசிச்சாயத்தாள் ஒரு காட்டி என்பதை அறிவீர்கள். நீலப் பாசிச்சாயத்தாள் சிவப்பானால் கரைசல் அமிலமானது எனலாம். அது எந்த அமிலம் என்று கூற முடியாது. நோய்களுக்கும் இத்தகைய காட்டிகள் உண்டு. ஒரு காட்டி எதைக் கூறும், எதைக் கூறாது என்பதைக் கவனத்திற் கொண்டு இப்பாடத்தைப் படியுங்கள்.

1. மென்சவ்வின் அமைப்பு

1972 இல் சிங்கர், நிக்கல்சன் ஆகியோர் முன்வைத்த மாதிரியுருவின்படி கல மென்சவ்வு பொஸ்போலிப்பிட்டுகளாலான இருபடையாகும். நீர்நாட்டமுள்ள தலைகள் இரு மேற்பரப்புகளிலும், நீர்வெறுப்புள்ள வால்கள் நடுவிலும் அமைந்துள்ளன. இடையிடையே புரதங்களும் கொலஸ்திரோலும் காணப்படும்.

இரு படைகளும் ஒரே மாதிரியானவை அல்ல. பொஸ்பற்றிடைல்செரீன் என்னும் இலிப்பிட்டு சுகமான கலத்தில் பெரும்பாலும் உட்படையிலேயே இருக்கும். இதற்காகக் கலம் சக்தியைச் செலவிடுகிறது. கலம் திட்டமிட்ட முறையில் இறக்கும்போது அது வெளிப்படைக்கு வரும். அதனை அடையாளங்கண்டு தின்குழியங்கள் அக்கலத்தை விழுங்கும்.

2. தலை, கழுத்துப் புற்றுநோய்

வாய், நாக்கு, தொண்டை, குரல்வளை முதலியவற்றில் தோன்றும் புற்றுநோய்கள் இதில் அடங்கும். பெரும்பாலானவை செதில் மேலணிக் கலங்களில் ஆரம்பிக்கின்றன. புகைத்தல், மதுபானம், புகையிலை, பாக்கு ஆகியன முக்கிய காரணிகள். பாக்கு மனிதரில் புற்றுநோயை உண்டாக்கும் என, உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2004 இல் வெளியிட்ட நூலில் வகைப்படுத்தியுள்ளது. இலங்கை ஆண்களிடையே மிகக் கூடுதலாகக் காணப்படுவது வாய்ப் புற்றுநோயாகும்.

3. இலிப்பிட்டுகள் காட்டிகளாதல்

(அ) கொலஸ்திரோல்: புற்றுநோய்க் கலங்கள் விரைவாகப் பிரிகின்றன. புதிய கலங்களுக்குப் புதிய மென்சவ்வு வேண்டும். அதற்குக் கொலஸ்திரோல் தேவை. இந்நோயாளர் சிலரின் குருதியில் கொலஸ்திரோல் குறைந்திருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. அதற்கு இத்தேவை ஒரு காரணமாகலாம் எனக் கருதப்படுகிறது.

(ஆ) பொஸ்பற்றிடைல்செரீன்: பல வகைப் புற்றுநோய்களில் கலம் இறக்காமலே இது வெளிப்படையில் தோன்றுகிறது. கல்சியம் அயன் உள்ளபோது அனெக்சின் என்னும் புரதம் இதனுடன் இணைவதால் இதனைக் கண்டறியலாம்.

4. காட்டியின் எல்லை

போசாக்குக் குறைபாட்டிலும் கொலஸ்திரோல் குறையும். வாயில் நோவுள்ளவர் உண்ண முடியாமல் மெலிவதாலும் அது குறையலாம். எனவே இதை மட்டும் வைத்து நோயைத் தீர்மானிக்க முடியாது. சிறு இழையத் துண்டொன்றை எடுத்து நுணுக்குக்காட்டியினூடாகப் பார்த்தே நோய் உறுதிசெய்யப்படும்.

மாதிரி வினா

"குருதியில் கொலஸ்திரோல் குறைந்தவருக்குப் புற்றுநோய் உண்டு." இக்கூற்று சரியா? காரணம் தருக.

விடை: தவறு. கொலஸ்திரோல் குறைவதற்கு வேறு காரணங்களும் உள்ளன. இழையப் பரிசோதனையே நோயை உறுதிசெய்யும்.

கவனிக்க: "தவறு" என்று மட்டும் எழுதி விட்டுவிடாதீர்கள். வினா காரணத்தையும் கேட்கிறது.

பரீட்சைக்கு அப்பாலும் ஒன்றை நினைவிற் கொள்க. இரண்டு வாரங்களுக்கு மேல் ஆறாத வாய்ப்புண், வெள்ளை அல்லது சிவப்புப் படலம், வாய் திறப்பதில் கடினம் ஆகியன கண்ணாடியிற் பார்த்தே அறியக்கூடிய அறிகுறிகள். வீட்டில் வெற்றிலை போடும் அப்பப்பாவுக்கோ அம்மம்மாவுக்கோ இவற்றில் ஒன்று இருந்தால், நோவு இல்லையென்று தள்ளிப்போடாமல் வைத்தியரிடமோ பல் வைத்தியரிடமோ அழைத்துச் செல்லுங்கள். ஆரம்பத்திலேயே கண்டால் குணப்படுத்தும் வாய்ப்பு அதிகம்.