பைக் ஸ்டீரியோவில் பாட்டோட சேர்ந்து ஒரு 'கீச்' சத்தம் வருதா?

லீவுக்கு ஊருக்குப் போனா, "இன்ஜினியரிங் படிக்கிற பையன்" என்ற ஒரே தகுதியில் மிக்ஸி முதல் மோட்டார் வரைக்கும் எல்லா ரிப்பேரும் நம்ம கைக்குத்தான் வரும். எங்க ஊர் தேவதானம். ராஜபாளையத்தில் இருந்து தென்காசி ரோட்டில் சேத்தூரைத் தாண்டினால் வரும். போன மாம்பழ சீசனில் என்கிட்ட வந்தது ஒரு மொபெட்.

அண்ணாச்சி ஒருத்தர் அதில் கூடை கட்டி, சப்பட்டை மாம்பழத்தை தேவதானம், சேத்தூர், முகவூர் என்று தெருத்தெருவாக விற்கிறவர். கூவிக் கூவித் தொண்டை போனதால், தன் குரலையே செல்போனில் பதிவு பண்ணி, ஆக்ஸ் வயர் வழியாக ஒரு சின்ன ஆம்பிளிஃபயருக்குக் கொடுத்து, ஹேண்டில்பாரில் கட்டிய ஸ்பீக்கரில் ஓட விடுவார்.

"தம்பி, என் குரலுக்கு முன்னால இந்தக் கீச்சுச் சத்தம்தான் போகுது. வீட்டுக்குள்ள இருக்கிறவங்களுக்கு நான் என்ன விக்கேன்னே தெரியல. கடையில கேட்டா, ஆம்பு, ஸ்பீக்கர் ரெண்டையும் மாத்தணும்ங்காங்க. சீசனே ரெண்டு மாசம்தான், அதுக்கு எங்க போவேன்?" என்றார்.

ஆக்ஸிலரேட்டரைத் திருகச் சொன்னேன். என்ஜின் வேகம் ஏற ஏற, கீச் சத்தமும் ஏறியது. விடை அதில்தான் இருந்தது. பைக்கில் பாட்டு வைத்திருக்கும் நம்ம பசங்க பாதிப் பேருக்கு இதே பிரச்சினை இருப்பதால், இதை ஒரு பாடமாகவே எழுதிடறேன்.

கிரவுண்டு என்றால் ஜீரோ வோல்ட்டா?

லேபில் கிரவுண்டு குறியீடு போட்ட எல்லா இடமும் ஜீரோ வோல்ட் என்று எடுத்துக்கறோம். பைக்கில் அது உண்மை இல்லை. பைக்கின் இரும்பு சேஸிஸ்தான் பேட்டரி மைனஸுக்குத் திரும்பிப் போகும் வழி. லைட், இண்டிகேட்டர், ஹாரன் என்று பல கரண்டும் அதில்தான் திரும்புது. சேஸிஸில் பெயிண்ட் இருக்கும், துரு இருக்கும், லூஸ் போல்ட் இருக்கும். அந்த இடங்களில் கொஞ்சம் ரெசிஸ்டன்ஸ் உண்டு.

ஒரு உதாரணம். துருப்பிடித்த ஒரு ஜாயின்ட்டின் ரெசிஸ்டன்ஸ் 0.05 ஓம், அதில் ஓடும் கரண்ட் 1.5 ஆம்பியர் என்று வைப்போம். ஓம் விதிப்படி 0.05 × 1.5 = 0.075 வோல்ட், அதாவது 75 மில்லிவோல்ட். ரொம்பச் சின்னதுதான். ஆனா போனின் ஹெட்போன் அவுட்டில் வரும் சிக்னலே சில நூறு மில்லிவோல்ட்தான். 300 மில்லிவோல்ட் பாட்டுக்கு 75 மில்லிவோல்ட் இரைச்சல் என்றால் கால்வாசி! ஆம்புக்கு எது பாட்டு, எது இரைச்சல் என்று தெரியாது. இரண்டையும் சேர்த்தே பெருக்கி விட்டுடும்.

அந்த இரைச்சல் ஏன் என்ஜினோட சேர்ந்து ஏறுது? மேக்னெட்டோ தருவது ஏசி. அதை ரெக்டிஃபையர் டிசியாக மாற்றினாலும் ரிப்பிள் மிச்சம் இருக்கும். ரோட்டரில் 4 ஜோடி துருவம் இருந்தால், 3000 ஆர்பிஎம்மில் விநாடிக்கு 50 சுற்று; 50 × 4 = 200 ஹெர்ட்ஸ். 6000 ஆர்பிஎம்மில் 400 ஹெர்ட்ஸ். அதன் ஹார்மோனிக்ஸ் இன்னும் மேலே போகும். அதுதான் காதில் கீச்சுன்னு கேட்குது.

இந்த இரைச்சல் பாட்டுக்குள் எப்படி நுழையுது?

அண்ணாச்சி வண்டியில் ஆம்பின் மைனஸ் வயர், ஹேண்டில்பார் பக்கம் ஒரு போல்ட்டில் மாட்டியிருந்தது. போனும் அதே பேட்டரியில்தான் சார்ஜ் ஆச்சு. ஆனா சார்ஜரின் மைனஸ் நேராக பேட்டரிக்குப் போனது. ஆக, இரண்டு வெவ்வேறு கிரவுண்டு. இரண்டுக்கும் நடுவில் ஆக்ஸ் வயர் ஒரு பாலம் போட்டுவிட்டது.

3.5 மில்லிமீட்டர் ஸ்டீரியோ பின்னைப் பாருங்க. நுனி இடது சேனல், நடு வளையம் வலது சேனல், அடிப்பகுதி கிரவுண்டு. அந்தக் கிரவுண்டு வழியாகத்தான் தேவையில்லாத கரண்ட் ஒரு வட்டம் போட்டு ஓடுது. இதுக்குப் பேர் கிரவுண்டு லூப்.

காசு செலவழிக்கும் முன் 3 சோதனை

1. பாட்டு ஓடும்போதே சார்ஜரைப் போனில் இருந்து கழற்றுங்க. சத்தம் நின்றால் கிரவுண்டு லூப்தான்.
2. நிற்கவில்லையா? ஆக்ஸ் வயரை ஆம்பில் இருந்து கழற்றுங்க. அப்பவும் சத்தம் வந்தால், அது பவர் வயர் வழியாக வருது. ஆம்பின் பவர் இன்புட்டில் ஒரு ஃபில்டர் தேவை.
3. என்ஜினை அணைத்துவிட்டுக் கேளுங்க. அப்பவும் ஒரே மாதிரி 'கர்'னு கேட்டால் பின் லூஸ், அல்லது வயர் அறுந்திருக்கு.

அண்ணாச்சி வண்டியில் முதல் சோதனையிலேயே சத்தம் நின்னுடுச்சு. "அப்ப சார்ஜ் போடாம ஓட்டிருதேன்" என்றார். ஆனா காலையில் கிளம்பினால் மதியம் வரைக்கும் போன் தாங்கணும். வீட்டில் இருந்து கூப்பிடுவாங்க, வாடிக்கையாளர் கூப்பிடுவாங்க. அது சரிப்படாது.

ஆம்பின் மைனஸை சேஸிஸில் இருந்து கழற்றி, புது வயர் போட்டு, சார்ஜரின் மைனஸ் இருக்கும் அதே பேட்டரி முனையில் மாட்டினோம். எல்லாக் கிரவுண்டும் ஒரே புள்ளியில். இதை ஸ்டார் கிரவுண்டு என்பாங்க. சத்தம் பெரும்பகுதி போயிடுச்சு. மிச்சம் இருந்த மெல்லிய இரைச்சலுக்கு, ஆக்ஸ் வயர் நடுவில் ஒரு கிரவுண்டு லூப் ஐசொலேட்டர். உள்ளே சேனலுக்கு ஒன்றாக இரண்டு சின்ன 1:1 டிரான்ஸ்ஃபார்மர், அவ்வளவுதான். சிக்னல் காந்தப்புலம் வழியாகத் தாண்டிப் போகும், கிரவுண்டு தாண்டாது. ஆம்பும் மாத்தல, ஸ்பீக்கரும் மாத்தல.

ஆனா என்னைப் பயமுறுத்தியது வேற

வயரைத் தேடிப் போனப்போதான் பார்த்தேன். பேட்டரி பிளஸ்ஸில் இருந்து ஒரு மெல்லிய வயர், ஃபியூஸே இல்லாமல், பெட்ரோல் டேங்குக்கு அடியில் உரசிக்கிட்டுப் போகுது. மேல் உறை ஒரு இடத்தில் தேய்ந்து செம்பு தெரியுது. அது சேஸிஸில் பட்டால் பேட்டரியின் முழுக் கரண்டும் அந்த வயரில் பாயும், வயர் பழுத்துடும். மேலே பெட்ரோல். கீச் சத்தம் வராமல் இருந்திருந்தால் அதை யாருமே பார்த்திருக்க மாட்டோம்.

அதனால, புதுசா மாட்டுறவங்க இதைக் கட்டாயம் பாருங்க:

ஃபியூஸ்: பேட்டரி பிளஸ்ஸை ஒட்டியே இருக்கணும். ஃபியூஸ் காப்பாற்றுவது ஆம்பை இல்லை, வயரை. 20 வாட் கிளாஸ்-டி ஆம்பு, எஃபிஷியன்சி 85 சதவீதம் என்றால் சுமார் 24 வாட் இழுக்கும். 12 வோல்ட்டில் 2 ஆம்பியர். 3 ஆம்பியர் ஃபியூஸ் போதும்.

வோல்ட்டேஜ்: பெயருக்குத்தான் 12. என்ஜின் ஓடும்போது 14 வோல்ட்டுக்கு மேலே போகும். 16 வோல்ட் கெப்பாசிட்டர் போடாதீங்க, 25 வோல்ட் போடுங்க.

போன் சார்ஜிங்: 7805 ஐசி வேண்டாம். 14 வோல்ட்டை 5 ஆக்கி 1 ஆம்பியர் எடுத்தால் 9 வாட் வெறும் சூடாகப் போகும். எல்எம் 2596 மாதிரி பக் கன்வெர்ட்டர் நல்லது.

ஒரே ஸ்பீக்கர் என்றால்: இடது, வலது வயரை நேராக முறுக்கிச் சேர்க்காதீங்க. போனின் இரண்டு அவுட்புட்டும் ஒன்றை ஒன்று தள்ளும். ஒவ்வொன்றிலும் 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டுச் சேருங்க.

சுவிட்ச்: பவரை சாவியோட சேர்த்து ஆன்-ஆஃப் ஆகும்படி ரிலே வழியாக எடுங்க. மறந்து விட்டுட்டுப் போனால் சின்ன பேட்டரி காலையில் ஸ்டார்ட் ஆகாது.

சத்தம் எவ்வளவு?

வண்டி ஓட்டும்போது காதில் இயர்போன் வேண்டாம். பின்னால் வரும் பஸ்ஸின் ஹாரன்தான் நமக்கு முக்கியமான பாட்டு. ஸ்பீக்கருக்கும் எல்லை உண்டு. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல்தான் அளவு. ஆஸ்பத்திரி, பள்ளி, கோர்ட் இருக்கும் 100 மீட்டர் சுற்றளவு அமைதி மண்டலம். இதை அண்ணாச்சிகிட்டயும் சொன்னேன். "பள்ளிக்கூடம் பக்கம் நான் எப்பவுமே அமத்திருவேன் தம்பி" என்றார்.

மறுநாள் காலை எங்க தெருவில் குரல் கேட்டது. கீச் இல்லை, "சப்பட்டை" மட்டும் தெளிவாக. அம்மா கிண்ணத்தோட வெளியே போனாங்க. எனக்குக் கூலி நாலு பழம்.

அடுத்த தடவை ஏதாவது ரிப்பேர் உங்க கைக்கு வந்தால், எதை மாத்தணும்னு யோசிக்கும் முன், கரண்ட் எந்த வழியாகத் திரும்பிப் போகுதுன்னு ஒரு பேப்பரில் வரைஞ்சு பாருங்க.