பிள்ளையின் வருகைப் பதிவேட்டையும் பார்ப்போம்



சில மாதங்களுக்கு முன் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தோம். காலை பத்து மணி. பாய் விரித்து எல்லோரும் வட்டமாக உட்கார்ந்தாச்சு. ஊக்குநர் பேர் வாசித்து வருகை எடுத்தார். தாமதமாக வந்த இரண்டு பேர் அபராதம் கட்டினார்கள். குழுவின் கட்டுப்பாட்டைப் பார்த்துச் சந்தோஷப்பட்டோம்.

அப்புறம்தான் திண்ணையைப் பார்த்தோம். மூன்றாம் வகுப்புப் படிக்கும் பெண் பிள்ளை ஒன்று, தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றது. "ஏம்மா, இன்னைக்குப் பள்ளிக்கூடம் இல்லையா?" என்று கேட்டோம். "இருக்கு. அம்மா கூட்டத்துக்கு வந்திருக்காங்க. தம்பியை நான்தான் பாத்துக்கணும்" என்றது.

எங்களுக்குச் சுருக்கென்றது. குழுப் பதிவேட்டில் அம்மா ஆஜர். பள்ளிப் பதிவேட்டில் மகள் ஆப்சென்ட். அந்த அம்மாவை மட்டும் குறை சொல்ல முடியாது. கூட்டத்தைப் பத்து மணிக்கு வைத்தது நாம்தானே?

கால் மணி நேரம் போனால் என்ன?

"சின்ன வகுப்புதானே, கொஞ்சம் முன்னே பின்னே போனா என்ன?" என்று நம்மில் பலர் சொல்கிறோம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். கல்வி உரிமைச் சட்டம் 2009-இன்படி, 1 முதல் 5 வரையிலான வகுப்புகளுக்கு ஆண்டுக்குக் குறைந்தது 200 வேலை நாட்கள், 800 மணி நேரப் படிப்பு இருக்க வேண்டும். அதாவது நாளைக்கு 4 மணி நேரம்.

தினமும் 15 நிமிடம் தாமதமானால், 200 நாளில் 3,000 நிமிடம். அது 50 மணி நேரம். பன்னிரண்டரை நாள் பள்ளிக்கே போகாததற்குச் சமம். மாதத்துக்கு 2 நாள் நின்றால் 10 மாதத்தில் 20 நாள். படிப்பில் பத்தில் ஒரு பங்கு போச்சு.

தினம் ஒரு ரூபாய் எடுத்து வைத்துச் சேமிக்கக் கற்றவர்கள் நாம். சிறுகச் சிறுகச் சேருவது நமக்குத் தெரியும். சிறுகச் சிறுகக் கரைவதும் அப்படித்தான்.

தொடக்கப் பள்ளிப் பாடம் படிக்கட்டு மாதிரி. நேற்று எழுத்துக் கூட்டப் பழகினால்தான் இன்று வார்த்தை படிக்க வரும். கழித்தல் சொல்லித் தந்த வாரம் பிள்ளை வரவில்லை என்றால், அடுத்த வாரம் வகுத்தல் கணக்கில் முழிக்கும். முழித்தால் வெட்கம். வெட்கப்பட்ட பிள்ளை மறுநாள் "வயிறு வலிக்குது" என்று சொல்லி நிற்கும்.

இன்னொன்றும் உண்டு. அரசுத் தொடக்கப் பள்ளிகளில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. 2023 ஆகஸ்ட் 25 அன்று மாநிலம் முழுவதும் விரிவானது. பல ஊர்களில் அந்த அடுப்பை ஏற்றியது நம் மகளிர் குழுப் பெண்கள்தான். வகுப்பு தொடங்கும் முன்பே சாப்பாடு பரிமாறி முடித்துவிடுவார்கள். தாமதமாகப் போகும் பிள்ளைக்குப் பாடத்தோடு சாப்பாடும் போகிறது.

காரணத்தைக் கேட்போம்

தண்ணீர் பிடிக்கணும், ஆடு அவிழ்க்கணும், களை எடுக்கப் போகணும் என்று காலையில் நமக்கு ஆயிரம் வேலை. அதில் முதலில் மாட்டுவது மூத்த பெண் பிள்ளைதான். ஆண் பிள்ளையை அனுப்பிவிட்டுப் பெண்ணை நிறுத்துவதும் நடக்கிறது. சில பிள்ளைகள் வீட்டுப்பாடம் முடிக்காத பயத்தில் மெதுவாக நடக்கும். அதட்டாமல் பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்டால் உண்மை வரும்.

தாமதமாக வந்ததற்குப் பள்ளியில் அடித்தாலோ, மனம் நோக அவமானப்படுத்தினாலோ, அது சட்டப்படி கூடாது. நேரில் போய்த் தலைமை ஆசிரியரிடம் பேசலாம்.

நாம் செய்யக்கூடியவை

1. புத்தகப் பை, சீருடையை இரவே எடுத்து வைப்போம். பிள்ளையை நேரத்தோடு தூங்க வைப்போம். டிவியும் செல்போனும் அதற்கு முன்பே நிற்கட்டும்.

2. இரண்டு வயதைத் தாண்டிய சின்னப் பிள்ளையை அங்கன்வாடியில் விடுவோம். அக்கா பள்ளிக்குப் போகட்டும். கைக்குழந்தை இருந்தால் அம்மாவே கூட்டத்துக்குத் தூக்கி வரட்டும். யாரும் முகம் சுளிக்கக் கூடாது.

3. காய்ச்சல், வயிற்றுப்போக்கு என்றால் வீட்டில் ஓய்வு கொடுத்து, ஆசிரியருக்குத் தகவல் சொல்லி அனுப்புவோம். காதுகுத்து, திருவிழா என்றால் விசேஷ நாளோடு திரும்பிவிடுவோம்.

4. செங்கல் சூளை, கரும்பு வெட்டு என்று குடும்பத்தோடு வெளியூர் போனால், அங்குள்ள அரசுப் பள்ளியில் பிள்ளையைச் சேர்ப்போம். மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதம் என்பதற்காகச் சேர்க்கையை மறுக்க முடியாது.

5. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பேர் பெற்றோர். பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும் என்பது சட்டம். அந்தக் கூட்டத்துக்குப் போய், எந்தெந்தப் பிள்ளைகள் அடிக்கடி நிற்கிறார்கள் என்று கேட்போம். ஆசிரியர் நேரத்துக்கு வருகிறாரா என்றும் கேட்போம். ஒழுங்கு இரண்டு பக்கமும் வேண்டும்.

அந்தத் திண்ணைக் குழு அன்றைக்கே ஒரு தீர்மானம் போட்டது. கூட்டம் இனி ஞாயிற்றுக்கிழமை மாலையில். சேமிப்பு, கடன் கணக்கு முடிந்ததும், "இந்த மாதம் யார் வீட்டுப் பிள்ளை எத்தனை நாள் நின்றது? ஏன்?" என்று கேட்டு எழுதுவார்கள். இதற்கு அபராதம் கிடையாது. யாருக்குக் கஷ்டமோ அவருக்குக் கை கொடுப்பதுதான் நோக்கம். முதல் மாதமே ஒரு வழி பிறந்தது. விடிகாலையில் வயலுக்குப் போகும் உறுப்பினரின் பிள்ளைகளை, பக்கத்து வீட்டு உறுப்பினர் தன் பிள்ளைகளோடு அழைத்துப் போகிறார்.

குழுவில் கலந்து பேசுவோம்

• நம் கூட்டமோ, வங்கிக்குப் போகும் நாளோ, எந்தப் பிள்ளையின் படிப்பையாவது கெடுக்கிறதா?

• நம் தெருவில் அடிக்கடி நிற்கும் பிள்ளை யார்? அந்த வீட்டுக்கு நாம் என்ன உதவி செய்யலாம்?

பேசி எடுத்த முடிவைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள் சகோதரிகளே. அடுத்த கூட்டத்தில் அதை முதலில் வாசியுங்கள்.