தீர்ப்புக்கு முன் விவரம்

நான் பிறந்து வளர்ந்த ஊர் சித்தூர். 2022 வரை எங்கள் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த மதனப்பள்ளியில்தான் 1895-ஆம் ஆண்டு ஜே. கிருஷ்ணமூர்த்தி பிறந்தார். எதையும் நல்லது, கெட்டது என்று முடிவு கட்டுமுன் உள்ளது உள்ளபடி பார்க்க வேண்டும் என்பதை அவர் வாழ்நாள் முழுதும் வலியுறுத்தினார். பார்த்ததை அப்படியே சொல்லில் வைப்பதும் ஒரு பயிற்சியே. மார்ஷா லினஹான் என்ற அமெரிக்க உளவியலாளர் 1993-இல் வெளியிட்ட சிகிச்சை நூலில், கவனித்தல், விவரித்தல், ஈடுபடுதல் ஆகிய மூன்றையும் மனவிழிப்புத் திறன்களாக வகுத்தார். இவற்றுள் விவரித்தலை மட்டும் இங்கே காண்போம்.

திருப்பதியில் அலிபிரி வழியாகத் திருமலைக்கு நடந்து ஏறியவர்களுக்கு அந்த 3,550 படிகள் மறக்காது. பாதி வழியில் ஒருவர், "என்னால ஆகாது, நான் எதுக்கும் லாயக்கில்லை" என்கிறார். இது தீர்ப்பு. "கெண்டைக்கால் இறுகியிருக்கு. மூச்சு வாங்குது. திரும்பிடலாம்னு ஒரு எண்ணம் வருது" என்றால் அது விவரம். முதல் பேச்சில் செய்வதற்கு ஒன்றுமில்லை. இரண்டாவதில் வழி தெரிகிறது: உட்காரலாம், தண்ணீர் குடிக்கலாம். எண்ணத்தை எண்ணம் என்றே சொன்னதையும் கவனியுங்கள். எண்ணம் வந்ததாலேயே அது உண்மையாகிவிடாது.

தொலைவில் வாழும் நமக்கு இத்திறன் மிகவும் தேவை. சித்தூரில் இருக்கும் என் அம்மாவிடம் ஞாயிறுதோறும் தொலைபேசியில் பேசுவேன். "எப்படி இருக்கீங்கம்மா?" என்றால், "எனக்கென்னப்பா, நல்லாத்தான் இருக்கேன்" என்பார். இதுவும் ஒரு தீர்ப்புதான், விவரம் அல்ல. ஒருநாள் கேள்வியை மாற்றினேன்.

"காலையில எழுந்ததும் என்னம்மா செஞ்சீங்க?"

"கட்டில்லயே கொஞ்ச நேரம் உக்காந்திருந்தேன். சட்டுனு எழுந்தா தலை சுத்துது."

"எத்தனை நாளா?"

"பிள்ளையார் சதுர்த்தியில இருந்து."

அம்மா சொன்னதைச் சொன்னபடியே எழுதி வைத்துக்கொண்டு மருத்துவரிடம் தெரிவித்தோம். அவர் பரிசோதித்துவிட்டு, இரத்த அழுத்த மாத்திரையின் அளவைக் குறைத்தார். தலைசுற்றல் நின்றது. "நல்லா இருக்கேன்" என்ற பதிலோடு நின்றிருந்தால் அம்மா எங்காவது விழுந்த பிறகே நமக்குச் செய்தி வந்திருக்கும்.

உணர்ச்சிக்குப் பெயர் சொல்வதும் விவரித்தலின் ஒரு பகுதி. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் மேத்யூ லீபர்மன் குழுவினர் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், கோப முகம், அச்ச முகம் போன்ற படங்களுக்கு உணர்ச்சிப் பெயர் இட்டவர்களின் மூளையில் அமிக்டலா என்னும் பகுதியின் கிளர்ச்சி குறைந்தது.

நம் பிள்ளைகளோ எல்லாவற்றையும் 'போர்', 'டென்ஷன்' என்ற இரண்டு சொற்களுக்குள் அடக்கிவிடுகிறார்கள். தொல்காப்பியம் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டு மெய்ப்பாடுகளைப் பிரித்துக் காட்டுகிறது. வகுப்பில் பிறர் சிரித்தபோது வந்தது கோபமா, தாழ்வுபடுத்தப்பட்ட இளிவரலா என்று பிள்ளை பிரித்துச் சொன்னால், நாம் உதவும் முறையும் மாறும்.

வீட்டில் செய்து பாருங்கள்:

1. இரவு உணவின்போது ஒவ்வொருவரும் அன்றைய நிகழ்ச்சி ஒன்றை, 'நல்ல', 'மோசமான', 'எப்பவும்' என்ற சொற்கள் இல்லாமல் மூன்று வாக்கியங்களில் சொல்லுங்கள்.

2. "நீ சோம்பேறி" என்பதற்குப் பதிலாக, "இந்த வாரம் மூன்று நாள் வீட்டுப்பாடம் எழுதவில்லை" என்று சொல்லிப் பாருங்கள். "சோம்பேறி" என்றால் பிள்ளை சண்டைக்கு வரும். நாளைச் சொன்னால் காரணத்தைச் சொல்லும்.

3. மனம் கலங்கும்போது உடலில் எங்கே, என்ன தெரிகிறது என்பதை முதலில் சொல்லுங்கள். உணர்ச்சியின் பெயரை அடுத்துச் சொல்லுங்கள்.

தீர்ப்பே கூடாது என்பதல்ல இதன் பொருள். தவற்றைத் தவறு என்று சொல்லத்தான் வேண்டும். விவரம் முன்னே வரட்டும், தீர்ப்பு பின்னே வரட்டும். விவரம் முழுதாக வந்தபின் பல வேளைகளில் தீர்ப்புக்குத் தேவையே இராது.